மேற்குச் சுவர்

தண்ணீர் திரும்பி முகத்தில் அடித்தது. குழாயின் வாயைக் கட்டைவிரலால் அழுத்தியதுதான் கோணலாகிவிட்டதோ என்று அஞ்சுகம் விரலை மாற்றிப் பிடித்தாள். மறுபடியும் முகத்தில்தான் அடித்தது. இருபது நாளாகக் காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை கட்டுகிற வீட்டின் இந்தச் சுவர்களை நனைப்பது அவள் வேலை. இதற்கென்று ஓர் ஆள் போடுகிறேன் என்று மேஸ்திரி சொன்னபோது, ஆளெல்லாம் ஈரம் காட்டிவிட்டுப் போய்விடும், நானே பார்த்துக்கொள்கிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்ட வேலை. கிழக்கே வாசல் பக்கம் தொடங்கி, தெற்கில் திரும்பி, மேற்கே வருவாள். அதற்குக் கையும் காலும் போதும், மூளை வேண்டாம். மேற்குச் சுவரின் நடுவில் கூடத்து ஜன்னலுக்காக விட்டிருந்த ஆறடித் திறப்பு வந்ததும், பீய்ச்சுகிற தண்ணீரில் கொஞ்சம் உள்ளே போய்த் தரையில் சளசளவென்று விழும். லாரித் தண்ணீர், வீணாக்கக் கூடாதுதான், ஆனால் அந்தச் சத்தத்துக்காகவே அந்த இடத்தில் ஒரு நொடி கூடுதலாக நிற்பாள். இன்று அந்தச் சத்தம் வரவில்லை. கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தாள். ஜன்னல் இல்லை. ஜன்னல் இருந்த இடம் முழுக்கச் செங்கல், கீழ்க்கட்டையிலிருந்து மேலே லிண்டல் உத்தரம் வரை. அவசரத்தில் அடுக்கியது என்று பார்த்தாலே தெரிந்தது, இடுக்கெல்லாம் கலவை பிதுங்கிக்கொண்டிருந்தது. அவளுடைய முதுகுக்குப் பின்னால் உப்பங்கழி ஏற்றத்தில் நிரம்பிக் கிடந்தது, ஒரு விசைப்படகு முகத்துவாரத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. கடலூருக்குத் தெற்கே கிழக்கில் கடலும் மேற்கில் கழியுமாக நீண்டு கிடக்கிற இந்த மணல்திட்டில் மனை வாங்கியதே அந்தத் தண்ணீரை வீட்டுக்குள் உட்கார்ந்து பார்க்கத்தான். அடைத்த சுவரில் பாதியை அவளே நனைத்திருந்தாள். தன் கையால், ஒரு சொட்டு வீணாகாமல்.

நேற்றுத்தான். நேற்று ஒரு நாள்தான் வரவில்லை. பண்ருட்டியில் நாத்தனார் மகளுக்கு வளைகாப்பு. சொந்தத் தங்கை மகள் விசேஷத்துக்கு மாமன் வராமல் இருப்பானா? அவள் புருஷன் கலியபெருமாள் இருந்தார். வயிறு ஒரு மாதிரி இருக்கு, பஸ்ஸுல குலுங்க முடியாது, நீ போய்ட்டு வா என்றார். பஸ் ஸ்டாண்டு வரை காரில் கொண்டுவந்து விட்டார். ஜன்னலோரமா பாத்து உக்காரு என்றார். ஜன்னலோரமாம்! இப்போது நினைத்தால் வயிறு எரிகிறது. முப்பத்தாறு வருஷத்தில் ஒரு நாளாவது அவளை ஜன்னலோரமாக உட்காரச் சொல்லியிருப்பாரா அந்த மனுஷன், பஸ் டிப்போ மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர், எந்த பஸ்ஸில் ஏறினாலும் ஜன்னல் சீட்டு அவருக்குத்தான். பஸ் திரும்பியதும் காரை நேரே இங்கே விட்டிருப்பார். ராத்திரி வளைகாப்புச் சோறு ஏழு வகையில் மூன்று வகையை டப்பாவில் போட்டுக்கொண்டு வந்தாளே, புளிச்சோற்றை இரண்டு தடவை கேட்டு வாங்கித் தின்றாரே, வயிறு சரியில்லாதவர், அப்போதுகூட ஒரு வார்த்தை வரவில்லையே. தயிர்சோத்துக்கு மாங்கா போடலியா என்று கேட்கத் தெரிந்த வாய்க்கு, உன் ஜன்னலை அடைச்சுட்டேன் என்று சொல்லத் தெரியவில்லை. தின்றுவிட்டு, மாத்திரை போட்டுக்கொண்டு, குறட்டை விட்டுத் தூங்கினார். அவள் எழுந்து வந்து அவருக்குப் போர்வையைச் சரி பண்ணிவிட்டாள். அதை நினைக்க நினைக்கத்தான் ஆத்திரம் பொங்கியது, ஜன்னலைவிட அந்தப் போர்வையை நினைத்து.

எல்லாம் அந்த வாஸ்துக்காரர் வந்த அன்றைக்கு ஆரம்பித்தது. வெள்ளைச் சட்டை, விரல் நிறைய மோதிரம், நாத்தனார் புருஷன் கூட்டிக்கொண்டு வந்த ஆள். லிண்டல் வரை சுவர் எழும்பிய பிறகு வந்து பார்க்கிறாரே, முன்னாலேயே வந்திருக்கக் கூடாதா என்று அவள் மனசுக்குள் கேட்டுக்கொண்டே டீ கொடுத்தாள். அவர் பையிலிருந்து திசைகாட்டியை எடுத்தார். எடுத்து எங்கே வைத்தார்? தளத்துக்காக இறக்கியிருந்த இரும்புக் கம்பிக் குவியல் மேலே. இரண்டு டன் கம்பி. அதன் மேலே ஒரு பலகை, பலகை மேலே திசைகாட்டி. அஞ்சுகம் முப்பத்து மூன்று வருஷம் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் லேப் அசிஸ்டென்டாக இருந்தவள். காந்தப் பரிசோதனை நாளில் பெஞ்சில் ஒரு ஆணி கிடந்தாலும் பொறுக்கி எறிவாள், டிபன் பாக்சைத் தூரத்தில் வை, வளையலைக் கழற்று என்று பிள்ளைகளை விரட்டுவாள். கம்பிகிட்ட வெக்காதீங்க சார், முள்ளு திரும்பிக்கும் என்றாள், பணிவாகத்தான் சொன்னாள். வாஸ்துக்காரர் சிரித்தார். கலியபெருமாள் சிரிக்கவில்லை. நீ சும்மா இரு அஞ்சுகம், இது என்னா உன் லேப்பா, டெஸ்ட் டியூப் கழுவுற எடமா என்றார். மேஸ்திரி, கொத்தனார், சித்தாள் பெண்கள், நாத்தனார் புருஷன், எல்லாரும் நின்றார்கள். இந்த ஊர்க்காரர்கள் அவளை டீச்சரம்மா என்று கூப்பிடுவார்கள், அவள் ஆரம்பத்தில் திருத்திப் பார்த்து விட்டுவிட்டாள். அவர் விடமாட்டார், டீச்சர் இல்லப்பா, லேப் அசிஸ்டென்டு என்று சொன்னால்தான் அவருக்குச் சாப்பாடு செரிக்கும். முள் கம்பிப் பக்கம் இழுத்துக்கொண்டு நின்றது. அதைப் பார்த்து வாஸ்துக்காரர் கண்ணை மூடி ஏதோ கணக்குப் போட்டுவிட்டுச் சொன்னார்: இந்த ஜன்னல் சுத்தமான தென்மேற்கு, கன்னிமூலை, இங்கே திறப்பும் ஆகாது, திறப்புக்கு எதிரே தண்ணியும் ஆகாது, வீட்டுத் தலைவருக்குக் கண்டம். கலியபெருமாளின் கை சட்டைப் பைக்குப் போனதை அவள் பார்த்தாள். அந்தப் பையில்தான் நாக்குக்கடியில் வைக்கிற மாத்திரை இருக்கிறது. பார்த்தாள், ஆனால் அப்போது அதைப் பற்றி யோசிக்கவில்லை. டெஸ்ட் டியூப்தான் காதில் ஒலித்துக்கொண்டிருந்தது.

மோட்டாரை நிறுத்திவிட்டு மேஸ்திரிக்குப் போன் போட்டாள். அய்யாக்கண்ணு மேஸ்திரி மூன்றாவது மணியில் எடுத்தார், எதிர்பார்த்துக்கொண்டிருந்தவர் மாதிரி. "யாரக் கேட்டு அடைச்சீங்க?" என்றாள். "சாருதாம்மா நின்னு அடைக்கச் சொன்னாரு. டீச்சரம்மா வரட்டும்னேன், அவங்களுக்குத் தெரியும்னாரு. நா என்னாத்தப் பண்றது?" "எனக்குத் தெரியும்னா சொன்னாரு?" "ஆமாம்மா." பின்னால் அவர் வீட்டில் தட்டு கழுவுகிற சத்தம் கேட்டது. பிறகு மேஸ்திரி தொண்டையைச் செருமிக்கொண்டு, "நல்லாத் தண்ணி உடுங்கம்மா. ரெண்டு நாளு தண்ணி குடிச்சாத்தான் புடிக்கும். அப்பறம் உளி போட்டுத்தான் எடுக்கணும். இன்னிக்கு அந்தப் பக்கம் சாஞ்சுகீஞ்சு நின்னுடாதீங்க. சாயந்தரம் அடைச்ச செவுரு, பச்சையா இருக்கு. கையால தள்ளுனாலே வந்துரும்" என்றார். வைத்துவிட்டார். எச்சரிக்கை பண்ணினாரா, வழி சொன்னாரா என்று அவளுக்குப் புரியவில்லை. இரண்டு நாள். இல்லை, இரண்டு நாள்கூட இல்லை, பத்து மணிக்கு வெயில் ஏறினால் அதுவே பாதி இறுகிவிடும். எட்டரைக்குக் கலியபெருமாள் வந்துவிடுவார். இப்போது ஏழரை.

கூடத்துக்குள் போனாள். நேற்று முன்தினம் வரை கண்ணைக் கூச வைத்த கூடம், இப்போது மதியத்தில்கூட விளக்குப் போட வேண்டியிருக்கும் போலிருந்தது. ஈரச் சிமெண்டு வாடை. பெயர்த்தெடுத்த வேங்கை மர ஜன்னல் சட்டத்தை மூலையில் சாய்த்துத் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள், வீட்டில் சாவு விழுந்த மாதிரி. இந்த வாடையை, இந்த இருட்டை அவளுக்குத் தெரியும். லேப்புக்குப் பின்னால் இருட்டறை என்று ஒன்று இருந்தது, ஒளிப் பரிசோதனைக்கு. இரண்டு ஜன்னலுக்கும் கருப்பு பெயிண்ட். மெழுகுவர்த்தி ஏற்றி வைத்து, லென்சை நகர்த்தி, திரையில் தலைகீழாக ஒரு சுடர் விழுகிறவரை பிள்ளைகள் நிற்பார்கள், அவர்கள் போன பிறகு மெழுகைச் சுரண்டிக்கொண்டு அவள் நிற்பாள். சாயங்காலம் டிப்போ குவார்ட்டர்ஸுக்குப் போனால் அடுக்களை ஜன்னல் பஸ் கழுவுகிற மதிலைப் பார்த்துக்கொண்டிருக்கும், கைநீட்டினால் தொடலாம். அடுத்த ஊர், அடுத்த குவார்ட்டர்ஸ், அங்கே படுக்கையறை ஜன்னலுக்கு எதிரே பக்கத்து வீட்டுக் குளியலறை. மதிலைப் பார்த்துக்கொண்டே அரிசி களைந்து, மதிலைப் பார்த்துக்கொண்டே மகளுக்குச் சடை பின்னி, ஒரு ஆயுள் ஓடிவிட்டது. அதை அவள் யாரிடமும் குறையாகச் சொன்னதில்லை. மனை பார்க்க வந்த நாளில்தான், புரட்டாசி முதல் வாரம், தரகர் எல்லைக்கல் காட்டிக்கொண்டிருந்தபோது, சூரியன் கழிக்குள் இறங்குவதைப் பார்த்துவிட்டு, இங்க ஒரு பெரிய ஜன்னல் வேணும் என்றாள். வேணும் என்றுகூடச் சொல்லவில்லை, இங்க ஒரு ஜன்னல் வெச்சா நல்லா இருக்குமில்ல என்றாள். அப்படித்தான் அவளுக்குக் கேட்கத் தெரியும். அவர் ம் என்றார். இன்ஜினியர் வரைபடத்தில் வரைந்தார். அவ்வளவுதான், அவளாகக் கேட்டது அந்த வீட்டில் அது ஒன்றுதான். பூஜையறை அவர் சொன்ன இடம், மாடிப்படி அவர் சொன்ன இடம், அடுக்களை மேடைகூட அவர் தங்கை சொன்ன உயரம்.

கைப்பையில் திசைகாட்டி இருந்தது. மகள் பள்ளிக்கூடத்தில் படித்தபோது வாங்கியது, பத்து நாளாகப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறாள். கம்பிகள் தளத்துக்குப் போய்விட்டன, குவியல் இருந்த இடம் காலி. ஆனால் மேலே தளத்திலும் லிண்டலிலும் கம்பி இருக்கிறதே என்று வாசலுக்கு வெளியே இருபதடி தள்ளிப்போய், வளையலைக் கழற்றி மடியில் கட்டிக்கொண்டு, உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். முள் ஆடி ஆடி நின்றது. அந்தச் சுவர் மேற்கு. தென்மேற்கு இல்லை, நேர் மேற்கு. புரட்டாசி முதல் வாரத்தில் சூரியன் நேர் மேற்கில்தான் விழும், அதற்கு முள்கூட வேண்டாம், கண் இருந்தால் போதும். அவரைக் கூப்பிட்டு இதே இடத்தில் நிறுத்திக் காட்டலாம். பாருங்க, நான் சொன்னேனா இல்லையா. டெஸ்ட் டியூப் கழுவினவள் சொன்னேனா இல்லையா. அவர் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு என்ன செய்வார்? வாஸ்துக்காரருக்குப் போன் போடுவார். அவர் வேறொரு மூலையைக் கொண்டுவருவார், அவரிடம் எட்டு மூலை இருக்கிறது. சரி, போனே போடவில்லை, ஒத்துக்கொண்டார் என்றே வைத்துக்கொள்வோம். மேற்குதான், ஜன்னல் வைக்கலாம் என்கிறார். அப்போது அந்த ஜன்னல் யார் கொடுத்தது? முள் கொடுத்தது. முள் வேறு பக்கம் நின்றிருந்தால்? நிஜமாகவே அது தென்மேற்காக இருந்தால் ஜன்னல் வேண்டாம் என்று விட்டுவிடுவாயா அஞ்சுகம்? விடமாட்டேன். விடமாட்டாய் என்றால் இதை எதற்குக் காட்டுகிறாய்? இந்த இடத்தில் அவள் நினைப்பு வந்து முட்டிக்கொண்டு நின்றது. பத்து நாளாக மனசுக்குள் பேசிப் பேசித் தயார் பண்ணி வைத்திருந்த சண்டை முழுக்க அவர் போட்ட கோட்டுக்குள்ளேயே நடந்திருக்கிறது. திசைகாட்டியைப் பைக்குள் போட்டாள், தன் மேலேயே எரிச்சலாக இருந்தது.

ஆனால் பயம் என்று ஒன்று இருக்கிறதே. அதையும் சொல்லத்தான் வேண்டும். ஜன்னலைத் திறந்து, அடுத்த மாசம் அந்த மனுஷனுக்கு ஒன்று ஆகிவிட்டால்? ஊர் என்ன சொல்லும் என்பது இருக்கட்டும், நாத்தனார் மாரில் அடித்துக்கொண்டு ஜன்னலைக் காட்டுவாள் என்பது இருக்கட்டும், அவளுக்கே என்ன தோன்றும்? இயற்பியல் லேப்பில் முப்பத்து மூன்று வருஷம் இருந்தவள்தான் தை மாசம் அவரைப் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குள் தள்ளிக்கொண்டு போனபோது மஞ்சள் துணியில் காசு முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டாள். மூன்று நாள் அந்த வராந்தாவில், இரும்பு நாற்காலியில், எதிரே வெளிறிய மஞ்சள் டைல்ஸ் ஒட்டிய சுவர். ஒரு டைல்ஸில் முடி விழுந்த மாதிரி விரிசல். வேறு பார்க்க ஒன்றுமில்லை. அந்த விரிசலைப் பார்த்துக்கொண்டேதான் அழுதாள், வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு, பக்கத்து நாற்காலிக்காரர்களுக்குக் கேட்கக் கூடாதே என்று. இதயத்துக்குள் குழாய் வைத்து அவரை வெளியே கொண்டுவந்தார்கள். அன்றிலிருந்து அவர் தூக்கத்தில் கையை நெஞ்சில் வைத்துக்கொள்கிறார். மாடிப்படியில் ஐந்தாவது படியில் நின்று, செருப்பு வாரைப் பார்க்கிற மாதிரி மூச்சு வாங்கிக்கொள்கிறார். ஒரு நாளும் பயமாயிருக்கு என்று சொன்னதில்லை. சொல்லியிருந்தால், அஞ்சு, அந்த ஆளு சொன்னதுலருந்து மனசு என்னமோ பண்ணுதுடி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அவளே போய்க் கலவை குழைத்துக் கொடுத்திருப்பாள். கொடுத்திருப்பாளா? தெரியவில்லை. கொடுத்திருப்பாள், பாழாய்ப் போன புத்தி அவளுக்கு. அவர் பயத்தைச் சொல்லாமல் டெஸ்ட் டியூப்பைச் சொன்னார். பயந்தது அவர், அவமானம் அவளுக்கு, இருட்டு வீட்டுக்கு. அவருடைய சாவைக் கொண்டுவந்து அவளுடைய ஜன்னலில் மாட்டிவிட்டு, வளைகாப்புக்குப் போய்ட்டு வா என்று பஸ் ஏற்றி அனுப்பிவிட்டார்.

கொத்தனார்கள் விட்டுப்போயிருந்த பலகை முக்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள். லிண்டலுக்குக் கீழே மேல்வரிசைச் செங்கல் கண்ணுக்கு நேரே இருந்தது. லிண்டல் பாரத்தைத் தாங்கிக்கொள்கிறது, அடைத்த கல் எதையும் தாங்கவில்லை, சும்மா நின்றுகொண்டிருக்கிறது, இது அவளுக்குத் தெரியும். உள்ளங்கையை வைத்துத் தள்ளினாள். அசையவில்லை. இரண்டு கையையும் வைத்து, மூச்சைப் பிடித்து, முப்பத்தாறு வருஷத்தையும் சேர்த்துத் தள்ளினாள். சர்ரென்று மணல் உதிர்ந்தது, கல் நகர்ந்தது, அந்தப் பக்கம் விழுந்த சத்தம் கேட்டது. ஒரு செங்கல் அளவுக்கு வெளிச்சம், அதில் ஒரு செங்கல் அளவுக்குக் கழி. படகு போய்விட்டிருந்தது. அலை கரையில் மோதிக்கொண்டிருந்தது. அழுகை வரும் என்று நினைத்தாள், வரவில்லை, கோபம்தான் இன்னும் வந்தது, இவ்வளவு லேசாக வருகிறதா, இதற்காகவா இத்தனை நாள். அடுத்த கல். அதற்கடுத்தது. ஆணியடித்த மாதிரி நின்ற ஒன்றைக் முக்காலியில் கிடந்த கொத்தனார் கரணையின் கைப்பிடியால் இடித்தாள். நகக்கண்ணில் சிமெண்டு ஏறி எரிந்தது, வளையல் மடியில் கிடந்து குத்தியது. முக்காலியிலிருந்து இறங்கி நின்று தள்ளுகிற உயரத்துக்கு வந்தபோது புடவை முழுக்கச் சாம்பல் நிறமாகியிருந்தது. வாசலில் கார் நின்றது அவளுக்குக் கேட்டது. கையை நிறுத்தவில்லை.

"ஏய், என்னாடி பண்ணிகிட்டிருக்க?" கலியபெருமாள் கூடத்து வாசலில் நின்றார். கையில் அவளுக்கு வாங்கி வந்த இட்லிப் பொட்டலம்.

"பாத்தா தெரியல?"

"நேத்து சாயந்தரம் பூரா நின்னு அடைச்சது. உனக்குப் புத்தி கெட்டுப் போச்சா? அந்தாளு என்னா சொன்னாரு, நீயும் கேட்டுகிட்டுத்தான இருந்த. அதத் தெறந்து வெச்சா..."

"வெச்சா?"

அவர் பொட்டலத்தை எங்கே வைப்பது என்று சுற்றிப் பார்த்தார். கை சட்டைப் பைக்குப் போனது. பிறகு பேசிய குரல் டிப்போவில் ஆள்களை விரட்டிய குரல் இல்லை, அவள் இதுவரை கேட்டிராத ஒரு குரல். "எனக்கு ஏதாவது ஆச்சுன்னா என்னாடி பண்ணுவ?"

ஒன்றும் ஆகாது என்று சொல்லியிருக்கலாம். முள்ளைக் காட்டியிருக்கலாம். பையில்தான் இருந்தது.

"ஆச்சுன்னா இந்த ஜன்னல்கிட்ட உக்காந்து அழுதுக்கறேன்" என்றாள். "ஆஸ்பத்திரில மூணு நாளு செவுத்தப் பாத்து அழுதேன். அது போதும் எனக்கு. இனிமே செவுத்தப் பாத்து அழ மாட்டேன்."

கலியபெருமாள் அவள் முதுகைப் பார்த்தாரோ, அதைத் தாண்டித் தெரிந்த தண்ணீரைப் பார்த்தாரோ, அவள் திரும்பவில்லை. பிறகு பொட்டலத்தை முக்காலியின் மேல் வைக்கிற சத்தம் கேட்டது. அவர் குனிந்து, உள்ளே விழுந்து கிடந்த ஒரு செங்கல்லைத் தூக்கப் போனார்.

"அதத் தொடாதீங்க! வெயிட்டு தூக்கக் கூடாதுன்னு டாக்டர் சொன்னது மறந்து போச்சா? வெளிய போயி மோட்டாரப் போட்டு மத்த செவுத்துக்குத் தண்ணி உடுங்க. வடக்குப் பக்கம் இன்னும் நனைக்கல."

"நா எப்பிடி..."

"கட்டவெரல வெச்சு அழுத்திப் பிடிங்க. வரும்."

போனார். மோட்டார் ஓடத் தொடங்கியது. அவள் மிச்சமிருந்த நான்கு வரிசையில் கையை வைத்தாள், கீழே போகப் போகக் கல் இறுகியிருந்தது. அவளுக்குக் கோபம் ஒரு துளியும் குறையவில்லை. டெஸ்ட் டியூப் பேச்சை இன்று ராத்திரி எடுக்கத்தான் போகிறாள், புளிச்சோற்றையும் விடப்போவதில்லை. வெளியே அந்த மனுஷன் வடக்கில் தொடங்கி, வழி தெரியாமல் தடுமாறி, குழாயை இழுத்துக்கொண்டு மேற்கே வருகிற சத்தம் கேட்டது. சுவரில் பட்ட தண்ணீர் மெல்ல நகர்ந்து வந்து, சுவர் முடிந்து போனது தெரியாமல், திறப்பு வழியாக உள்ளே பாய்ந்து, அவள் தலையையும் தோளையும் நனைத்து, தரையில் சளசளவென்று விழுந்தது.

"பாத்து உடுங்க!" என்று கத்தினாள் அஞ்சுகம்.